அடமான வீடும் 45 நாள் கெடுவும்

வீட்டை ஈடாக வைத்துப் பெற்ற கடன் நிலுவையில் நிற்க, வங்கி அவ்வீட்டைக் கைக்கொள்ள முற்படும்போது, கடன்தாரர் பொதுவாக சிவில் நீதிமன்றத்தை நாட இயலாது. ஈட்டுச் சொத்தை வங்கியே நேரடியாகக் கைப்பற்ற அதிகாரம் அளித்த 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம், தன் 34ஆம் பிரிவினால் அவ்வழியை அடைத்துவிட்டது. மாற்று வழியாக 17ஆம் பிரிவு கடன் வசூல் தீர்ப்பாயத்தைக் காட்டுகிறது. அங்கு அளிக்கப்படும் மனு, சிவில் வழக்கின் இடத்தில் நிற்கும் முதல் நடவடிக்கையே என்று 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கோரப்பட்ட தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டிய பின்னரே மனுவை ஏற்கலாம் என்ற நிபந்தனையும் அத்தீர்ப்பால் வீழ்ந்தது.

பணத்தடை நீங்கிற்று, காலத்தடை நின்றது. மனுச் செய்ய 45 நாட்களே உண்டு. எந்த நாளிலிருந்து? இங்குதான் பலர் இடறுகின்றனர். முதலில் வருவது 60 நாள் அவகாசம் தரும் கோரிக்கை அறிவிப்பு. அதற்கு மறுப்பு எழுதினால் வங்கி 15 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். எனினும் அக்கட்டத்தில் தீர்ப்பாயம் செல்லும் உரிமை பிறப்பதில்லை. அடுத்தது, கதவில் ஒட்டப்பட்டு, இரு நாளேடுகளிலும் வெளியிடப்படும் சுவாதீன அறிவிப்பு. அதன் பின்னும் குடும்பம் அதே வீட்டில்தான் வசிக்கிறது. அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். பூட்டுப் போட வரும் நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் பெயரளவிலான இச்சுவாதீனமும் 13(4) பிரிவின்படியான நடவடிக்கையே என 2018இல் ஹிண்டன் ஃபோர்ஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியேற்றப்படும்வரை காத்திராமல் முறையிட வழி செய்த தீர்ப்பு அது. உரிமை முன்கூட்டிப் பிறப்பதால், கெடுவும் முன்கூட்டித் தொடங்குகிறது.

கெடு தவறியதென மனு தள்ளுபடியானால், வட்டிக் கணக்கு சரியா, அறிவிப்பு முறையாகச் சார்வு செய்யப்பட்டதா என்பனவெல்லாம் ஆராயப்படாமலே போகின்றன. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவைக் கொண்டு இத்தாமதத்தை மன்னிக்கலாமா என்பதில் உயர் நீதிமன்றங்களிடையே கருத்து வேற்றுமை இருந்துள்ளது.

வங்கியில் இருப்பது பொதுமக்களின் வைப்புத்தொகை. வசூலில் விரைவு வேண்டும் என்பதை மறுப்பார் இலர். கெடுவை நீட்டுவது அதற்கு உதவாது. மாணவர்களும் அலுவலர்களும் சுவாதீன அறிவிப்பின் படிவத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம். சொத்தை மீட்க உள்ள அவகாசம் குறித்து 13(8) பிரிவை அது சுட்டுகிறது. 45 நாட்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மனுச் செய்வதற்கான கடைசித் தேதியையும் உரிய தீர்ப்பாயத்தின் முகவரியையும் அதில் அச்சிட, சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. விதிகளில் ஒரு திருத்தம் போதும். அதனால் வங்கிக்கு ஒரு நாளும் வீணாகாது.