ஊழியர் விலகுவது ஏன்?

ஊழியரொருவர் வேலையை விட்டு விலகினால் அவரை நன்றியற்றவரென்று குறைகூறுகின்றோம். அது முறையாகுமா?

அமெரிக்காவில் ஹென்றி போர்டின் மோட்டார்த் தொழிற்சாலையிலே, 1913ஆம் ஆண்டில் ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்கு 52,000 பேருக்கு மேல் சேர்க்க நேர்ந்தது. 1914இல் தகுதிபெற்றோரின் நாள் வருவாய் 5 டொலராக, ஏறக்குறைய இருமடங்காக, உயர்ந்தது. ஒன்பது மணித்தியால வேலை எட்டாயிற்று. விலகுவோர் தொகையும் வெகுவாகக் குறைந்தது.

ஆயினும் ஊதியம் மட்டும் போதாது. தன் உழைப்பையும் பலனையும் பக்கத்திலிருப்பவருடையவற்றோடு ஒப்பிடுவது மனித இயல்பென 1963இல் உளவியலாளர் ஆடம்ஸ் விளக்கினார். சமமாக உழைத்தும் குறைவாகப் பெற்றவரின் மனம் வேறிடம் நாடும்.

நாளை நம்மிற் பலர் மேலதிகாரிகளாகலாம். அன்று பாராட்டையும் பதவியுயர்வையும் உறவு பாராது, உழைப்பைப் பார்த்தே வழங்குவோமாக.