நிற்காத ரயிலும் இறங்க வேண்டிய பெட்டியும்



சரக்குப் போக்குவரத்துக் கருத்தரங்கை எளாவூரில் போய் நடத்துவதா, சென்னையில் நல்ல அரங்கு கிடைக்காதா என்று சிலர் கேட்டார்கள். இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. லாரி ஓட்டுநர்களிடம் எளாவூர் என்றால் சோதனைச் சாவடி என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஆந்திர எல்லைக்கு முன்னால் தமிழ்நாட்டின் கடைசி வாசல் அது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனை போயிற்று. ஆனால் கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர்கள் இந்த நெடுஞ்சாலையில் குறைந்தபாடில்லை. அதே ஊரின் வழியாகத்தான் சென்னை–கூடூர் ரயில் பாதையும் போகிறது. கன்டெய்னர் ரயில்கள் எளாவூர் ஸ்டேஷனை நிற்காமல் கடந்து போகின்றன. தண்டவாளத்தில் நாற்பத்தைந்து வேகன். தார்ச்சாலையில் ஆளுக்கொரு பெட்டியுடன் ட்ரெய்லர் வரிசை. இரண்டும் ஒரே ஊரைக் கடந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதற்குக் காரணம் எளியது. நம் நாட்டில் கன்டெய்னர் ரயில் என்பது முழு ரேக். 1988இல் அரசின் கன்டெய்னர் போக்குவரத்து நிறுவனமான கான்கார் தொடங்கப்பட்டு அடுத்த ஆண்டு ஓட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக் கிடங்குக்கு ஒரே மூச்சில் ஓடுவதுதான் பெருவழக்கு. நாற்பத்தைந்து வேகன் கொண்ட ரேக்கில் தொண்ணூறு இருபதடிப் பெட்டிகள் ஏறும். தொண்ணூறு பெட்டி சேர்க்க முடிந்தவருக்கு ரயில் மலிவு. வாரத்துக்கு நாலு பெட்டி ஸ்கிராப் இறக்குமதி செய்யும் கும்மிடிப்பூண்டி உருக்காலைக்காரருக்கு? அவருடைய மதில் சுவருக்குப் பக்கத்திலேயே ரயில் ஓடினாலும் அவர் லாரிக்குத்தான் போன் போடுவார். நாலு பெட்டிக்காக எழுநூறு மீட்டர் நீள ரயிலை ஒதுங்கு பாதையான லூப் லைனில் நிறுத்தி, பெட்டி தூக்கும் ரீச் ஸ்டாக்கரை வரவழைத்து, மறுபடி மெயின் லைனில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க யார் ஒப்புவார்கள்? இந்தப் பாதையில் எக்ஸ்பிரஸ் ரயில்களும் கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை மின்சார ரயில்களும் நெருக்கியடித்து ஓடுகின்றன. ஒருமுறை ஒதுங்கிய சரக்கு ரயில் எப்போது திரும்ப மெயின் லைன் ஏறும் என்பது அன்றைய கன்ட்ரோலரின் கையில்.

ஒதுங்கி நிற்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. இங்கிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் கவரைப்பேட்டையில் 2024 அக்டோபர் 11ஆம் தேதி இரவு, மெயின் லைனில் போக வேண்டிய பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் புகுந்து அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் மேல் மோதியதை இந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆக, ரயிலை நிறுத்தாமலே பெட்டியை இறக்க முடியுமா, ஏற்ற முடியுமா என்பது கனவு காண்பவர்களின் கேள்வி மட்டும் அல்ல. பாதைக்கு மேலே உத்தரம் போட்டு, அதில் தொங்கும் ஊர்தி ரயிலோடு கூடவே ஓடி, அதே வேகத்தை எட்டியதும் பெட்டியைப் பற்றித் தூக்கி, மெல்ல வேகம் குறைத்துக் கிடங்கில் வைத்துவிட வேண்டும். உலகில் பலர் இதை வரைந்து பார்த்திருக்கிறார்கள். வரைந்தவர்களில் பெரும்பாலோர் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

ஓடும் ரயிலில் பொருள் மாற்றுவது ரயில்வேக்குப் புதிதல்ல. ஒற்றைப் பாதையில் ஓடிய காலத்தில் போர்ட்டர் ஒருவர் பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளாட்பார ஓரத்தில் நிற்பார். வளையத்தின் அடியில் தோல் பை. பைக்குள் அடுத்த பிளாக்குக்குள் நுழைய அனுமதி தரும் டோக்கன். எஞ்சினிலிருந்து ஃபயர்மேன் கையை வளைத்து நீட்டுவார். வளையம் முழங்கையில் மாட்டி ஏறிவிடும். பழைய வளையத்தை முன்னதாகவே கீழே போட்டிருப்பார். இலங்கையின் மலையகப் பாதையில் இன்றும் இப்படி டேப்லெட் எனும் டோக்கனை மாற்றுகிறார்கள். பிரிட்டனில் 1971 வரை ஓடும் தபால் வண்டிகள் பாதையோரக் கம்பத்திலிருந்து அஞ்சல் பைகளை வலை விரித்துப் பிடித்தன. ஆனால் டோக்கன் சில நூறு கிராம். அஞ்சல் பை சில கிலோ. ஸ்கிராப் நிரப்பிய இருபதடிப் பெட்டி இருபத்தைந்து டன். வளையம் முழங்கையில் இடித்தால் எண்ணெய் தடவினால் போதும். பெட்டி இடித்தால் அது போதாது.

கணக்குக்கு வருவோம். ரயிலை நிறுத்துவதால் ஆற்றல் வீணாகிறது என்பதைத்தான் பலரும் முதல் வாதமாக வைப்பார்கள். இன்றைய கட்டுரைகளிலும் அது இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். மூவாயிரம் டன் ரயில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 115 யூனிட் மின்சாரம். தொழிற்சாலைக் கட்டணத்தில் பார்த்தாலும் ஓராயிரம் ரூபாயைச் சுற்றித்தான் வரும். பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பித் தரும் எஞ்சின்கள் வந்துவிட்ட பிறகு அதிலும் ஒரு பகுதி மீளும். எனவே ஆற்றல் வாதத்தை நாம் கைவிடுவது நல்லது. வீணாவது நேரமும் பாதையும். அந்த இரண்டைக் காப்பாற்ற ரயில் முழு வேகத்தில் ஓட வேண்டும் என்ற அவசியமே இல்லை. நின்றுவிடாமல் இருந்தால் போதும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் ரயிலைப் பிடிக்க நினைக்கும் ஊர்திக்கு என்ன வேண்டும் பாருங்கள். ஒவ்வொரு நொடியும் நொடிக்கு அரை மீட்டர் வீதம் வேகம் கூட்டினால் ரயிலின் வேகத்தை எட்டவே 280 மீட்டர் போய்விடும். பெட்டியின் மேல் சரியாக நின்று, பற்றி, தூக்க நாற்பது நொடி என்று வைத்தால் இன்னும் 670 மீட்டர். பிறகு நிற்க 280. ஒரு பெட்டிக்காக ஒன்றேகால் கிலோமீட்டர் உயர்த்திய தண்டவாளம்! அதே வேலையை ரயில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது செய்தால் மொத்த நீளம் 130 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. எழுநூறு மீட்டர் ரயில் அந்த வேகத்தில் ஓரிடத்தைக் கடக்க நாலேகால் நிமிடம். நம் லூப் லைன்களில் பெரும்பாலானவற்றில் திருப்பத்தில் எப்படியும் 30 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. ஆகவே இழப்பு அற்பம்.

ஜெர்மனியின் குருப் நிறுவனம் 1990களில் டுயிஸ்பர்க் அருகே ரைன்ஹவுசனில் கட்டிய சோதனை நிலையம் இந்த வழியில்தான் போயிற்று. ரயில் மெதுவாக ஊர்ந்து போகும். கைமாற்றும் பொறி அதோடு நகர்ந்து பெட்டியை எடுக்கும். தொழில்நுட்பம் தோற்றது என்று சொல்ல முடியாது, அது பரவவில்லை. அந்த அளவு பெட்டி நடமாட்டமும் அந்த அளவு முதலீடும் ஒன்றுசேரவில்லை என்பதே என் கணிப்பு.

இனி, சறுக்கிய இடம். நம் தலைக்கு மேலே ஏற்கெனவே ஒரு பாதை இருக்கிறது: 25,000 வோல்ட் மின்கம்பி. சாதாரணமாகத் தண்டவாளத்திலிருந்து ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேலே அது போகும். தாழ்தள வேகனில் வைத்த பெட்டியின் கூரை சுமார் 3.6 மீட்டரில் இருக்கிறது. மிச்சம் இரண்டு மீட்டரிலிருந்து மின்சாரத்துக்கு விட வேண்டிய பாதுகாப்பு இடைவெளியையும் கழித்தால், 2.6 மீட்டர் உயரப் பெட்டியைப் பக்கத்துப் பெட்டிக்கு மேலே தூக்க இடமே கிடையாது. மேற்கு சரக்குத் தடத்தில் அடுக்குப் பெட்டி ரயிலுக்காகக் கம்பியை ஏழு மீட்டருக்கு மேல் உயர்த்தி, 2021 ஜனவரியில் நியூ அடேலியிலிருந்து ஓட்டம் தொடங்கினார்கள். ஆனால் கம்பி உயர்ந்தாலும் கம்பி கம்பிதான். காகிதத்தில் உத்தரம் வரைபவர் இந்தக் கம்பியை வரைய மறந்துவிடுகிறார்.

இதற்கு ஜெர்மானியர்களே ஒரு விடை சொல்லியிருக்கிறார்கள். ஹனோவர் அருகே லேர்ட்டே என்ற ஊரில் 2020இல் திறந்த பெரிய மாற்று நிலையத்தில், கிரேன்கள் நிற்கும் பகுதியில் மின்கம்பி இல்லை. எஞ்சின், கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃபை இறக்கிவிட்டு, வந்த வேகத்திலேயே உள்ளே உருண்டு போகிறது. நம் லோகோ பைலட்டுகளுக்கு இது புதிய வித்தையா? கம்பியில் மின்சாரம் இல்லாத நியூட்ரல் செக்‌ஷன் வரும் ஒவ்வொரு இடத்திலும் 500 மீட்டர், 250 மீட்டர் என்று பலகை பார்த்து, டி.ஜே. எனும் மின்துண்டிப்பானைத் திறந்து, உருண்டு போய், மறுபக்கம் மூடுகிறார்கள். நமக்குத் தேவை அதைவிடச் சற்று நீண்ட, கம்பியே இல்லாத 150 மீட்டர். எஞ்சின் மட்டும் அதைத் தாண்டினால் போதும். தாண்டியதும் பான்டோகிராஃபை ஏற்றிக்கொண்டு மீதி ரயிலை இழுக்கும். 10 கிலோமீட்டர் வேகத்தில் உருளும் ரயில் சமதளத்தில் அந்த 150 மீட்டரைக் கடந்துவிடும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் தாராளமாகக் கடக்கும் என்று சொல்லவில்லை. சிறு ஏற்றமோ ஒட்டிக்கொண்ட ஒரு பிரேக் கட்டையோ போதும், எஞ்சின் நடுவழியில் மின்சாரமின்றி நிற்க. இறக்குவதற்கு ஓர் உத்தரமும் ஏற்றுவதற்கு இன்னொன்றும் வைத்து, இடையில் கம்பியுள்ள ஒரு துண்டை விட்டால் நல்லது. இறக்கிய இடம் காலியாக அடுத்த உத்தரத்தின் கீழ் வரும்போது புதுப் பெட்டி அதில் உட்கார்ந்துவிடும்.

இனி நுணுக்கமான பகுதி. கன்டெய்னரின் மேல் மூலை ஒவ்வொன்றிலும் இருக்கும் துளை 124 மில்லிமீட்டர் நீளம், 63.5 மில்லிமீட்டர் அகலம். ஆடிக்கொண்டு வரும் வேகனின் மேல், நாலு துளையிலும் நாலு பூட்டு ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். கீழேயும் பூட்டுகள் இருக்கின்றன. கான்காரின் பிஎல்சி எனும் தாழ்தள வேகன்களில் உள்ள தானியங்கி ட்விஸ்ட் லாக், மேல்நோக்கி இழுத்தால் தானே விடுபடும். நாலில் ஒன்று துருப்பிடித்து விடாமல் பிடித்துக்கொண்டால்? யார்டில் நிற்கும் வேகனில் இது நடந்தால் வேகனின் ஒரு முனை எழும்பும்; கிரேன் ஓட்டுநர் பார்த்து இறக்கிவிடுவார். ஓடும் ரயிலில் அதுவே தடம்புரள்தல். ஆகவே தூக்கத் தொடங்கிய முதல் சில சென்டிமீட்டரிலேயே நாலு மூலையின் எடையையும் தனித்தனியே அளந்து, ஒன்று பொருந்தாவிட்டாலும் பெட்டியை அப்படியே விட்டுவிடும் ஏற்பாடு இல்லாமல் யாரும் இதை முயலக் கூடாது. இன்று வரவிருக்கும் கட்டுரைகளில் உத்தரத்தின் எஃகு கணக்கு நிறைய இருக்கிறது. இந்தப் பூட்டைப் பற்றி ஒரே ஒரு கட்டுரைதான் இருக்கிறது. அது எனக்குக் கவலை தருகிறது.

உயர்த்திய பாதை என்றதும் நம் நாட்டில் ஒரு பழைய கதை நினைவுக்கு வரும். கொங்கண் ரயில்வேயின் நிர்வாக இயக்குநராக இருந்த ராஜாராம் வடிவமைத்த ஸ்கைபஸ், கான்கிரீட் பெட்டிக்குள் ஓடும் சக்கரங்களிலிருந்து கீழே தொங்கும் வண்டி. ஆட்களோடு இருபதடிக் கன்டெய்னரையும் அது சுமக்கும் என்று சொல்லப்பட்டது. 2004 செப்டம்பரில் கோவாவின் மட்காவில் சோதனை ஓட்டத்தின்போது விபத்து; ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். பிறகு அந்தத் தூண்களையே இடித்துவிட்டார்கள். ஒரு சோதனை ஓட்டத்தின் தோல்விக்காக ஒரு துறையையே கைகழுவினோம் என்பது என் வருத்தம். சீனாவில் சிங்தாவ் துறைமுகத்தில் 2021இல் தொங்கு பாதையில் கன்டெய்னர் கொண்டுபோகும் சோதனைத் தடம் ஓடத் தொடங்கிவிட்டது. நாமோ சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் ஒருமுறையும் 2022இல் ஒருமுறையும் அடிக்கல் நாட்டினோம், அதுவும் லாரிக்காக.

நேர்மாறான வழியையும் அவை கவனத்தில் கொள்ள வேண்டும். ஜப்பானில் 1980களிலிருந்தே, ரயிலை யார்டுக்குத் தள்ளாமல் வந்து சேரும் லைனிலேயே நிறுத்தி, மின்கம்பியின் அடியிலேயே ஃபோர்க்லிஃப்ட்டால் பெட்டி மாற்றுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் லாரியின் மேல் பொருத்திய பொறி, பெட்டியைச் சற்றே உயர்த்திப் பக்கவாட்டில் நகர்த்திவிடுகிறது. உத்தரமும் வேண்டாம், கம்பியை விலக்கவும் வேண்டாம். ஜப்பானியப் பெட்டி பெரும்பாலும் பன்னிரண்டடி, ஐந்து டன். நம் பெட்டிக்கு அது அப்படியே பொருந்தாது. ஆயினும், நாலு பெட்டியைப் பத்து நிமிட நிறுத்தத்தில் மாற்ற முடியுமானால், நிற்காத ரயிலுக்காக நாம் செலவிடும் ஒவ்வொரு கோடிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஒப்பீட்டைத் தவிர்க்கும் கட்டுரையை நான் ஆய்வு என்று ஏற்கத் தயங்குவேன்.

அத்திப்பட்டில் காமராஜர் துறைமுகத்தின் ரயில் இணைப்பு, மப்பேட்டில் 2022 மே மாதம் அடிக்கல் நாட்டிய பல்வகைப் போக்குவரத்துப் பூங்கா, எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டி தொழில் நகரம், நடுவில் கும்மிடிப்பூண்டி சிப்காட். இவ்வளவையும் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் வைத்திருக்கும் பகுதி நாட்டில் அதிகம் இல்லை. எனவே ரயில்வே அதிகாரிகளுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள். ஓட்டத்துக்கு இடையூறில்லாத ஒரு சைடிங், காலி வேகன் ஐந்து, மண் நிரப்பிய பெட்டி இரண்டு, ஒரு டீசல் எஞ்சின். இவற்றை ஆறு மாதம் எங்கள் மாணவர்களுக்குத் தாருங்கள். உத்தரம் கட்டுமுன் பூட்டை மட்டும் சோதிக்கிறோம்: நடக்கும் வேகத்தில் நகரும் வேகனில் நாலு மூலையும் எத்தனை முறை சரியாக விடுபடுகிறது, எத்தனை முறை இல்லை என்று. தொழிற்பேட்டை நண்பர்கள், உங்களுக்கு வாரம் எத்தனை பெட்டி, எங்கிருந்து, எந்த நாளில் வருகிறது என்ற கணக்கை எங்களுக்குக் கொடுங்கள். அது இல்லாமல் இந்த உத்தரம் எந்த ஊரில் நிற்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. ட்விஸ்ட் லாக் பற்றிய கட்டுரையை முதல் அமர்வுக்கு மாற்றியிருக்கிறேன், அமைப்பாளர்கள் பொறுத்தருள்க. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.