யார் தட்டு காயுது?

(அரசு விடுதி மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேடைக்குப் பின்னால ரெண்டு படம் மாட்டியிருக்கிறது. ரோகித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இழந்தோம். +2 தேர்வில் 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் அனிதாவை 2017 செப்டம்பரில் இழந்தோம். ஊர்வலம் போனோம், சாதியத்தை எதிர்த்து முழங்கினோம். செய்ய வேண்டியதுதான். ஆனா செத்தவங்க பேரை உரக்கச் சொல்கிற நாம், சாவு வரைக்கும் போய்த் திரும்பின நம்ம கதையை ஏன் வாய்விட்டுச் சொல்றதில்லை? இன்னைக்கு நான் சொல்றேன்.

எங்க சேரியில் முதன்முதலா காலேஜுக்குப் போனவன் நான். அப்பா கூலிக்கு வரப்பு வெட்டினவர். முதல் வருஷமே மூணு பாடத்துல அரியர். உதவித்தொகை வரலை. கட்டணம் பாக்கின்னு என் பேரைப் பலகையில் எழுதிப் போட்டார்கள். வகுப்பில் ஒரு வாத்தியார், "ஓசிச் சோறு, ஓசிப் படிப்பு, இதுலயும் தேறலையா?" என்றார். மொத்த வகுப்பும் சிரிச்சது. ஊருக்குத் திரும்ப முகமில்லை. இனி இருந்து என்ன என்ற முடிவுக்கே வந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரி சோத்துக்குப் போகலை. என் தட்டு மட்டும் ஈரமில்லாம கிடந்ததைப் பார்த்து, சமையல்காரம்மா மாடியேறி வந்துச்சு. "இன்னா சாமி, சாப்டலையா?" நான் அழுதுட்டேன். அது புத்தி சொல்லலை. "செத்துடலாம்னு தோணுதா?"ன்னு நேராக் கேட்டுச்சு. ஆமான்னேன். பக்கத்துல உக்காந்து, புருஷன் போன வருஷம் தானும் அப்படி நெனச்சதை, பக்கத்து வீட்டுக் கிழவி விடிய விடியக் கூட இருந்ததைச் சொல்லிச்சு. நான் ஒருத்தன்தான் இப்படிங்கற நெனப்பு அங்கதான் உடைஞ்சது. கீழ போறப்ப என் அறைத்தோழனைக் கூப்பிட்டு, "இவனைத் தனியா விடாத"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

அரியர் முடிக்க ரெண்டு வருஷமாச்சு. இளக்காரப் பேச்சு நிக்கலை. ஆனா அது சாதியின் பேச்சு, என் மூளையோட குறையில்லைன்னு புரிஞ்சுபோச்சு.

நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடும் என்பார்கள். அது தப்பு. கேட்டால் பாரம் இறங்கும். தற்கொலை எண்ணத்திலிருந்து மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்தபின் தற்கொலைகள் குறைந்ததாக, பத்திரிகைகளை ஆராய்ந்த ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2010இல் எழுதினார்கள். சமையல்காரம்மா அதுக்கு ரொம்ப முன்னாடியே அதைச் செஞ்சுடுச்சு.

வழக்கு வருமோன்னும் பயப்பட வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கொண்டு சிகிச்சை தரச் சொல்கிறது. கூட யாருமில்லாத ராத்திரியில் 14416க்குப் போன் பண்ணுங்க. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இந்தச் சுவரில் இன்னொரு படம் வேண்டாம் தோழர்களே. இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக் கூடத்துல யார் தட்டு காயுதுன்னு பாருங்க. மாடியேறிப் போய்க் கேளுங்க. உங்க கதையையும் சொல்லுங்க.