பிள்ளையின் தூரிகை

நம் மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளைக் குகைகளில் ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பில் சுவரோவியங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை வரைந்த கண்டிக்கால ஓவியர்கள் தூரிகைகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். மெல்லிய கோட்டுக்கு ஒருவகைப் புல்; அகலப் பூச்சுக்குத் தாழை விழுதின் நார். கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் அந்தக் கைவினை மரபைப் பதிந்திருக்கிறார்.

வேலைக்கேற்ற தூரிகை நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். வர்ணப் பெட்டியோடு வரும் மெலிந்த தூரிகையால் ஒரு வானத்தை நிரப்ப ஐந்து வயதுப் பிள்ளை எவ்வளவு பாடுபடும்! பிடி தடித்த, 8ஆம் அல்லது 10ஆம் இலக்க நைலோன் தூரிகை ஒன்று வாங்கிக் கொடுங்கள். கடையிலேயே மயிரை மெல்ல இழுத்துப் பாருங்கள், உதிர்ந்தால் வேண்டாம்.

வரைந்து முடிந்ததும் தூரிகையைத் தண்ணீர்க் குவளையிலேயே விட்டுவைப்பதுதான் பெரிய கேடு. முனை வளைந்துவிடும். உலோகப் பூணுக்குள் நீர் இறங்கிப் பசை இளகும். மரப்பிடியும் ஊதி வெடிக்கும். கொஞ்சம் சவர்க்காரம் போட்டு உள்ளங்கையில் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு முனையை விரலால் கூராக்கி, படுக்கவைத்து உலர்த்துங்கள். நன்றாகக் காய்ந்தபின் போத்தலில் நிறுத்தலாம், மயிர் மேலே இருக்கும்படி.