வெள்ளைக்காரன் எப்படிப் போனான்? நாம் எப்படி நிற்க வேண்டும்?

(உயர்மின் கோபுர எதிர்ப்பு விளக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நம்ம ஊர்க் காட்டுக்குள்ளே டவர் லைனுக்கு அளந்து கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்காகத்தான் இன்றைக்குக் கூடியிருக்கிறோம். ஆனால் நான் முதலில் பேசப்போவது வெள்ளைக்காரனைப் பற்றி. "டவரைப் பத்திப் பேச வந்துட்டு வெள்ளைக்காரன் கதை எதுக்குங்க?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

2018-ல் இந்தக் கொங்கு மாவட்டங்களில் உயர்மின் கோபுரம் போட்டார்களே, எந்தச் சட்டத்தைக் காட்டிப் போட்டார்கள்? 1885-ம் வருஷம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தந்திச் சட்டத்தைக் காட்டி! தந்திக் கம்பம் நட வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்ட அதிகாரத்தை வைத்து, சுதந்திர நாட்டில் நம்ம தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். 2023-ல் புதிதாகத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் பேர் மாறலாம். காட்டுக்காரனைக் கேட்காமல் காட்டுக்குள் இறங்கும் புத்தி மாற வேண்டாமா?

சரி, அந்த வெள்ளைக்காரன் எப்படிப் போனான்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1931 கணக்குப்படி இந்த நாட்டில் 35 கோடி சனம். வெள்ளைக்காரர்கள் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. துப்பாக்கியை வைத்து மட்டுமா ஆண்டார்கள்? நம்ம ஆளை வைத்து ஆண்டார்கள். கணக்கு எழுதிய கர்ணம் நம்ம ஊர்க்காரர். தடி பிடித்த போலீஸ்காரர் பக்கத்து ஊர்ப் பையன். ஜப்தி செய்த மாட்டை ஏலத்தில் எடுக்க நம்மிலேயே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்கிற வரைக்கும் அவன் ராஜ்ஜியம் நடந்தது. கிடைக்காமல் போனபோது ஆட்டம் கண்டது.

நம்ம காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்தவர் தீரன் சின்னமலை. கும்பினிப் படையை எதிர்த்து நின்றவர். வீரத்தில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. ஆனால் எல்லாப் பாளையமும் ஒன்றாக எழவில்லை. சில பாளையக்காரர்கள் கும்பினி பக்கமே போய் நின்றார்கள். 1799-ல் கட்டபொம்மன், 1801-ல் மருது சகோதரர்கள், 1805 ஜூலை 31-ல் சங்ககிரியில் சின்னமலை என்று ஒவ்வொருவராகத் தூக்கில் போட்டான். பிரித்துப் பிரித்துத்தான் ஜெயித்தான்.

இதே பிரிட்டிஷ்காரன் நம்மிடம் மட்டுமல்ல, அமெரிக்காவில் குடியேறியிருந்த சொந்த சனத்திடமும் வரி கேட்டான். 1765-ல் பத்திரம், பத்திரிகை எல்லாவற்றுக்கும் முத்திரை வரி. அங்கே என்ன செய்தார்கள்? முத்திரைத் தாள் விற்க நியமித்த ஆட்கள், ஊர்ச் சனத்தின் எதிர்ப்புக்குப் பயந்து வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வியாபாரிகள் பிரிட்டிஷ் சரக்கு வாங்குவதை நிறுத்தினார்கள். மறு வருஷமே, 1766-ல், வரி ரத்து! அப்போது கட்டிய ஒற்றுமை 1776-ல் சுதந்திரப் பிரகடனமாக வளர்ந்தது. யுத்தம் நடந்து 1783-ல் பிரிட்டன் ஒப்புக்கொண்டது.

நம்ம நாட்டுக்கு வாருங்கள். 1928, குஜராத், பர்தோலி தாலுகா. நிலவரியை 22 சதவீதம் ஏற்றினான். படேல் தலைமையில் விவசாயிகள் கட்ட மாட்டோம் என்றார்கள். மாட்டை ஓட்டிப் போனான், பாத்திரத்தைத் தூக்கினான், நிலத்தை ஜப்தி செய்தான். ஆனால் ஏலம் எடுக்கப் போனவர்களை ஊரே ஒதுக்கி வைத்தது. உயிரை எடுக்கவில்லை, ஒட்டு உறவை நிறுத்தினார்கள். கடைசியில் விசாரணைக் கமிட்டி போட்டு, 22 என்றது சுமார் 6 சதவீதமாக இறங்கியது. பறித்த நிலமும் திரும்பி வந்தது. பெண்கள் முன்னால் நின்ற போராட்டம் அது.

1930-ல் நம்ம தமிழ்நாட்டில் என்ன நடந்தது? ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்புக் காய்ச்சத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். சுமார் 240 கிலோமீட்டர். "இவங்களுக்குச் சோறு போட்டால், தங்க இடம் கொடுத்தால் ஜெயில்" என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். கிராமத்து சனம் என்ன செய்தது? சோற்றுப் பொட்டலத்தை வழியில் மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டது! மரத்தையா கைது செய்ய முடியும்? மேடை ஏறாத, பேர் தெரியாத சனம் நடத்திய போராட்டம் அதுங்க.

நம்ம திருப்பூரில் 1932 ஜனவரி 10. காந்தியைக் கைது செய்துவிட்டான். ஊர்வலம் போகக்கூடாது, கொடி பிடிக்கக்கூடாது. சென்னிமலை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை குமரன் கொடியோடு வந்தார். அடித்து மண்டையைப் பிளந்தார்கள். கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் போனது. வயது 27. சுதந்திரம் வந்தது 1947-ல்; அவர் பார்க்கவில்லை. ரயிலடிப் பக்கம் போகிறபோது அந்த நினைவு மண்டபத்தை ஒருதரம் நின்று பாருங்கள்.

சுதந்திரம் வந்த பிறகும் கேட்காமல் எதுவும் வரவில்லை. மின்கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து 1970 ஜூன் 19-ல் நம்ம பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு அய்யா தலைமையில் கோவை ரோடெல்லாம் மாட்டு வண்டி. இப்படிப் பல வருஷம் போராடி, உயிரைக் கொடுத்து வாங்கியதுதான் இன்றைக்கு நம்ம பம்புசெட்டுக்கு வருகிற இலவச மின்சாரம்.

இப்போது நம்ம விஷயம். வருகிறவர்கள் கூட்டத்தில் வந்து பேச மாட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒவ்வொரு தோட்டமாக வருவார்கள். "பக்கத்துக் காட்டுக்காரர் போட்டுட்டாருங்க, நீங்களும் போட்டுடுங்க, இல்லைன்னா இந்தப் பணமும் கிடைக்காது" என்பார்கள். அங்கே போய், நீங்கள் போட்டுவிட்டதாகச் சொல்வார்கள். ஒரு மாமன் மச்சான் தனியாகக் கையெழுத்துப் போட்டால் போதும், பர்தோலியில் கிடைக்காத அந்த ஓர் ஆள் இங்கே கிடைத்துவிட்டான் என்று அர்த்தம். அப்புறம் தென்னையை வெட்டுவார்கள். கம்பிக்குக் கீழே இருக்கிற காட்டை நல்ல விலைக்கு எவன் கேட்பான்?

கரண்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ரோட்டோரமாகப் பூமிக்கடியில் கேபிளாகக் கொண்டு போ என்கிறோம். முடியாத இடத்தில் நியாயமான இழப்பீடும் மாத வாடகையும் கொடு என்கிறோம். இது பிச்சை இல்லை, நம்ம உரிமை.

ஆகவே நாம் செய்ய வேண்டியது:

1. யாரும் தனியாகக் கையெழுத்துப் போடக்கூடாது. பேசுவதானால் சங்கத்தோடு, ஊர் முன்னிலையில் பேசட்டும்.

2. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் எல்லாரும் மனுக் கொடுக்க வேண்டும். ரசீது வாங்காமல் வரக்கூடாது.

3. ஒருவரைக் கைது செய்தால், அவர் காட்டுக்குத் தண்ணீர் கட்டுவதும், மாட்டில் பால் கறப்பதும் மற்றவர் பொறுப்பு.

4. யாரும் கல்லெடுக்கக் கூடாது. நாம் கல்லெடுத்தால் கேஸ் அவர்களுக்கு லேசாகிவிடும்.

5. ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உட்கார்ந்து தீர்மானம் போடுங்கள். பெண்கள் கட்டாயம் வாருங்கள். சுதந்திர தினத்துக்கு நம்ம ஊரில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாதுங்க.

தனித்தனியாக நின்றால் டவர் நிற்கும்! ஒன்றாக நின்றால் நாம் நிற்போம்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!