ஐந்தாந் திகதியா, ஐந்தாம் மாதமா?



ஒரு கடிதத்தில் 05/06 என்று குறித்திருந்தால் அதனை எந்த நாளென்று கொள்வீர்கள்? யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ வாழ்பவர் யூன் மாதம் ஐந்தாந் திகதி என்பார். நியூயோர்க்கில் வாழ்பவர் மே மாதம் ஆறாந் திகதி என்பார். இருவரும் தத்தம் நாட்டு வழக்கின்படி சரியாகவே படிக்கின்றனர். ஆயினும் இவ்விரு நாட்களுக்குமிடையே முப்பது நாட்கள் கிடக்கின்றன. அந்த முப்பது நாட்களுக்குள் ஒரு பிள்ளையின் வாழ்க்கைப் பாதை திரும்பியதை நான் அறிவேன். அதற்கு நானும் ஒருவகையிற் காரணனாய் இருந்தமையாலேயே இன்றைய பேச்சுக்கு இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது வித்தியாலயத்தில் உயர்தர வகுப்பிற் படித்துத் தேறிய மாணவி ஒருத்திக்கு அமெரிக்காவிலுள்ள கல்வி நிலையமொன்றிலிருந்து கடிதம் வந்தது. அனுமதியோடு உதவிப் பணமும் தருவதற்கு இசைந்திருந்தனர். சில அத்தாட்சிப் பத்திரங்களை மட்டும் 05/06க்கு முன் அனுப்பிவைக்குமாறு கேட்டிருந்தனர். சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த மறுவாரம் அவளுடைய தகப்பனார் அக்கடிதத்தோடு என்னிடம் வந்தார். அவர் ஒரு கமக்காரர். "அதிபர் ஐயா, எத்தனை நாள் தவணை கிடக்குது?" என்று கேட்டார். நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக் கடிதத்தைப் படித்தேன். "யூன் அஞ்சு மட்டும் நாள் இருக்குது. ஆறு கிழமைக்கு மேலே. ஆறுதலாச் செய்யுங்கோ" என்று சொல்லியனுப்பினேன். அவரும் ஆறுதலாகவே செய்தார். பத்திரங்கள் மே மாத நடுப்பகுதியிற் சென்றன. தவணை கடந்துவிட்டது என்று மறுமொழி வந்தது.

பின்னர் அக்கடிதத்தை வாங்கி மீண்டும் பார்த்தேன். அதன் மேல்மூலையில், எழுதிய திகதி 03/28 என்று தெளிவாக இருந்தது. இருபத்தெட்டாம் மாதம் என ஒன்று உலகத்தில் எங்கும் இல்லையன்றோ? அந்த ஓர் எண்ணைக் கவனித்திருந்தால் மாதமே முதலில் நிற்கிறது என்பது விளங்கியிருக்கும். நான் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டு அவள் மறுபடியும் விண்ணப்பித்தாள். இடம் கிடைத்தது, உதவிப் பணம் கிடைக்கவில்லை. பின்னர் அவள் இங்கேயே கல்வியியற் கல்லூரியிற் சேர்ந்தாள். தகப்பனார் என்னை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

இந்த மயக்கம் எவ்வளவு பெரிதென்று ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு மேற்பட்ட திகதியாயின் மயக்கத்துக்கு இடமில்லை. எல்லா மாதத்திலும் முதற் பன்னிரண்டு நாட்களே இருவிதமாகப் படிக்கக்கூடியவை. பன்னிரண்டு மாதத்துக்கும் அவை 144 நாட்கள். அவற்றுள் 1/1, 2/2 என இரண்டு எண்ணும் ஒன்றாய் நிற்பவை 12. அவற்றைக் கழித்தால் மிகுதி 132. ஆண்டின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட நாட்கள், எழுதியவர் எந்த நாட்டவர் என்று தெரியாவிட்டால், இன்ன நாளென்று துணிய முடியாதவை.

அமெரிக்கர் ஏன் மாதத்தை முன்னே வைத்தனர் என்று கேட்கலாம். அவர்கள் பேசுகிறபடியே எழுதுகின்றனர் என்பதே எளிய விடை. 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தின் தலைப்பிலேயே யூலை என்னும் மாதப் பெயர் முன்னும் நான்கு என்னும் எண் பின்னும் நிற்கக் காணலாம். யப்பானியரும் சீனரும் ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வருவர். ஐரோப்பாவில் அங்கேரியரும் அவ்வாறே. அங்கேரியர் குடும்பப் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் வைப்பவர்கள். தகப்பன் பெயரை முன்னே வைத்து எழுதும் நமக்கு அது புதுமையாகத் தோன்றாது.

நம்முடைய வழக்கு எது? திகதி, மாதம், ஆண்டு என்ற வரிசையே நம் வழக்கென்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அது ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்து பாடசாலையிலும் கச்சேரியிலும் நிலைபெற்றது. கல்வெட்டுகளிலே அரசனின் ஆட்சியாண்டு முன்னே வரும். நாள் பின்னே வரும். நம் வீட்டுக் கலியாண அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நிகழும் மங்களகரமான இன்ன வருடம், இன்ன திங்கள், இன்ன நாள் என்று தமிழில் ஓடும் வரி ஆண்டிலிருந்து இறங்கி வரும். பக்கத்திலே அடைப்புக்குள் இருக்கும் ஆங்கிலத் திகதியோ நாளிலிருந்து ஆண்டுக்கு ஏறும். ஒரே வரியில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. ஒருவரும் அதனைக் கவனிப்பதில்லை. இப்பொழுது நம் அரசாங்கக் கந்தோர்க் கடிதங்கள் பலவற்றில் ஆண்டை முன்வைத்து எழுதுகின்றனர். 1988இல் வெளியான சர்வதேச நியமமும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையையே விதித்தது. ஆங்கிலேயர் முறையை விட்டு வேறொரு புதுமுறைக்குப் போகிறோம் என்று சிலர் குறைப்படுகின்றனர். என் எண்ணப்படி நாம் பழைய வீட்டுக்கே திரும்புகிறோம்.

எழுதும் வரிசை ஒருபுறமிருக்க, நாளே வேறுபட்ட காலமும் இருந்தது. யூலியன் பஞ்சாங்கத்திற் சேர்ந்த பிழையைத் திருத்தப் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் 1582இல் ஒக்டோபர் 4ஆந் திகதிக்கு மறுநாளை 15ஆந் திகதி என்று விதித்தார். இத்தாலியும் ஸ்பெயினும் உடனே ஏற்றன. இங்கிலாந்து 1752 வரையும் ஏற்கவில்லை. அவ்வாண்டு செப்ரெம்பர் 2ஆந் திகதி படுக்கைக்குப் போன ஆங்கிலேயர் மறுநாள் 14ஆந் திகதி விழித்தெழுந்தனர். ரஷியா 1918 வரை காத்திருந்தது. அதனாலேதான் 1917 நவம்பர் 7ஆந் திகதி நிகழ்ந்த புரட்சிக்கு ஒக்டோபர்ப் புரட்சி என்ற பெயர் நின்றது. சுவீடன் நாட்டவர் சிறிது சிறிதாக மாற முயன்று, இடையில் மனம் மாறி, கணக்கை நேராக்க 1712இல் பெப்ரவரி மாதத்துக்கு முப்பது நாள் வைத்தனர். பெப்ரவரி 30இல் அங்கே பிறந்த பிள்ளைக்கு அதன்பின் பிறந்த நாளே வந்திராது!

நேரத்துக்கு வருவோம். எதியோப்பியாவில் நாம் காலை ஏழு மணி என்பதை ஒரு மணி என்பார்கள். நமக்கு நண்பகல் பன்னிரண்டு, அவர்களுக்கு ஆறு. கிழக்கு ஆபிரிக்காவிற் சுவாகிலி மொழி பேசுவோரும் அவ்வாறே கூறுவர். பகல் தொடங்கும்போதே எண்ணத் தொடங்குவது அவர்கள் முறை. கேட்கும்போது நகைப்புத் தோன்றலாம். ஆனால் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பாட்டன்மாருக்கு இது மிக இயல்பாகவே இருந்திருக்கும். நள்ளிரவில், எல்லாரும் உறங்கும்போது, நாள் தொடங்குகிறது என்று சொல்வதே அவர்களுக்கு விளங்கியிராது.

நம் நாட்டு மணிக்கூடும் ஒரே நிலையில் நின்றதன்று. கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னாக நாம் 1906இல் நியம நேரத்தை வகுத்துக்கொண்டோம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அது முன்னே தள்ளப்பட்டுப் பின் மீண்டது. 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்னே சென்றோம். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி நேரம் திரும்பினோம். 2006 சித்திரை வருடப்பிறப்போடு மறு அரை மணியும் கழிந்து ஐந்தரைக்கே வந்து சேர்ந்தோம். இடைப்பட்ட அந்தப் பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் மணிக்கூடு மாற்றப்படவில்லை. 2002இல் கண்டி வீதி திறக்கப்பட்டபின் ஓமந்தையைத் தாண்டியவருக்கு அரை மணி நேரம் திரும்பக் கிடைத்தது. வரும்போது அதனைக் கொடுத்துவிட்டு வரவேண்டியிருந்தது. இன்ன நேரத்துக்கு வாருங்கள் என்று சொன்னால், பழைய நேரமா, புதிய நேரமா என்று கேட்பது அக்கால வழக்கு.

இது பழங்கதை அன்று. அந்தப் பத்தாண்டிற் பிறந்த பிள்ளைகள் இப்பொழுது கலியாண வயதை அடைந்துள்ளனர். சாதகத்தில் நம்பிக்கை உண்டோ இல்லையோ, நம் வீடுகளில் அதைப் பார்க்காமற் காரியம் நடப்பதில்லை. ஆசுப்பத்திரியிற் குறித்துக் கொடுத்த பிறந்த நேரம் எந்த மணிக்கூட்டின்படி குறித்தது என்று தெரிந்து, அரை மணியோ ஒரு மணியோ கழிக்காமற் கணித்தால், இலக்கினமே மாறிவிடக்கூடும். இவ்வாறு பொருந்தாது என்று விலக்கிய சம்பந்தங்கள் எத்தனையோ, யார் கண்டார்!

அளவுகளைப்பற்றி ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். 1983 யூலை 23ஆந் திகதி கனடா நாட்டு விமானமொன்று மொன்றியலிலிருந்து எட்மன்ரனுக்குப் புறப்பட்டது. கனடா அப்பொழுது இறாத்தலிலிருந்து கிலோகிராமுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பயணத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் வேண்டும். எரிபொருள்மானி பழுதுபட்டிருந்தபடியால் தாங்கியைக் கோலிட்டு அளந்தனர். 7,682 லீற்றர் இருந்தது. ஒரு லீற்றர் எரிபொருள் 0.803 கிலோகிராம் நிறையுடையது. இறாத்தற் கணக்கில் 1.77. பழைய பழக்கத்தால் 1.77ஆற் பெருக்கி, வந்த விடையைக் கிலோகிராம் என்று கொண்டனர். அதன்படி இன்னும் 4,916 லீற்றர் போதும் என்று ஊற்றினர். உண்மையில் ஊற்றவேண்டியது இருபதினாயிரம் லீற்றருக்கு மேல். கணக்கு முறையிற் பிழை இல்லை. பெருக்கலிலும் பிழை இல்லை. அலகு ஒன்றே பிழை. நடுவானில், 41,000 அடி உயரத்தில், எரிபொருள் முடிந்து இரண்டு இயந்திரங்களும் நின்றுபோயின. விமானி அதனைப் பட்டம்போல மிதக்கவிட்டு, கிம்லி என்னுமிடத்துக் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 61 பயணிகளும் 8 பணியாளரும் உயிர் தப்பினர். 1999இல் அமெரிக்கா செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய ஓடமொன்று இறாத்தல், நியூற்றன் என்னும் இரு விசை அலகுகளின் மயக்கத்தால் அழிந்தபோது நல்ல காலமாக அதில் மனிதர் இருக்கவில்லை.

கணித பாடத்தில் விடையை மட்டும் எழுதி அலகை எழுதாத பிள்ளைக்கு ஒரு புள்ளி குறைக்கும் ஆசிரியரைக் கொடியவர் என்று பெற்றார் என்னிடம் முறையிடுவதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கிம்லிக் கதையைத்தான்.

நம் வீட்டிலும் இரண்டு உலகங்கள் உள்ளன. வானொலியில் வெப்பநிலை முப்பத்திரண்டு பாகை என்று செல்சியசிற் கேட்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு என்று பரனைற்றிற் சொல்கிறோம். சீனி கிலோவில், தேங்காயெண்ணெய் போத்தலில், மனிதர் உயரம் அடியில். யாழ்ப்பாணத்துக் காணி பரப்பில். கொழும்புக் காணி பேர்ச்சில். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது வரகுப் பரப்புக்குப் பொருந்தும், நெற்பரப்பு வேறு. உறுதி எழுதும்போது இதனைக் கவனியாது விட்டவர்கள் நீதிமன்றப் படியேறியிருக்கின்றனர். கல்லனை விற்கும்போது எந்தக் கலன் என்று கேளுங்கள்: ஆங்கிலக் கலன் நாலரை லீற்றருக்குச் சற்று மேல், அமெரிக்கக் கலன் நான்கு லீற்றரையும் எட்டாது. யேர்மனியிலிருந்து உறவினர் எழுதும் 1,500 என்பதை ஆயிரத்தைந்நூறு என்று படித்துவிடவேண்டாம். அங்கே காற்புள்ளியே தசமப் புள்ளி. அவர் எழுதியது ஒன்றரையாகவும் இருக்கலாம்.

மீண்டும் திகதிக்கே வந்து முடிக்கிறேன். மாணவருடைய தேசிய அடையாள அட்டை விண்ணப்பங்களை உறுதிப்படுத்துவது அதிபர் கடமை. அந்த அட்டையின் இலக்கத்தில் பிறந்த ஆண்டையடுத்து வரும் மூன்று எண்கள், ஆண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பதைக் காட்டும். பெண்பிள்ளைகளுக்கு அதனோடு 500 கூட்டுவர். பெப்ரவரிக்கு எப்பொழுதும் 29 நாளாகவே கொண்டு எண்ணுவர். ஆகவே ஏப்பிரல் 7இற் பிறந்த மாணவனுக்கு 098. யூலை 4இற் பிறந்தவனுக்கு 186. 7/4 என்பதை ஒருவர் மாறிப் படித்தாராயின் அட்டை வந்தவுடன் இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகளின் அட்டை வந்ததும் பெற்றார் ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பிழையை அப்பொழுதே திருத்துவது எளிது. வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகும் தறுவாயில் திருத்துவது பெரும்பாடு.

எமது வித்தியாலயத்து இடாப்பிலும், அங்கிருந்து செல்லும் கடிதங்களிலும், இப்பொழுது மாதத்தை எண்ணால் எழுதுவதில்லை, எழுத்தாலேயே எழுதுகிறோம். எழுதுவினைஞர் முதலில் முறுமுறுத்தார். செப்ரெம்பர் என்று எழுத நேரம் பிடிக்கிறதாம். வெளிநாட்டிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும், தவணைத் திகதியைப் பார்க்குமுன் கடிதம் எழுதிய திகதியைப் பார் என்று உயர்தர வகுப்பு மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதிலும் ஐயம் தீராவிட்டால், இரண்டு நாட்களுள் முந்தியதையே தவணையாகக் கொள்ளும்படி சொல்கிறேன்.