மலை வண்டியும் மைலேஜ் கணக்கும்



பொன்முடிக்குச் சென்று திரும்பும் குடும்பத்தினர் அம்மலையின் மூடுபனியைப் பற்றிப் பேசி முடித்ததும், அடுத்துப் பேசுவது பெரும்பாலும் வண்டி குடித்த எண்ணெயைப் பற்றித்தான். ஏழு பேர் அமரத்தக்க எஸ்யூவி வண்டிகள் வீடுதோறும் பெருகிய பின்னர் இப்பேச்சும் பெருகியிருக்கிறது. அரசு ஏடுகளுக்காக 'எரிபொருள் சிக்கனம்' என்று நான் மொழிபெயர்க்கும் தொடரை வீதியில் எவரும் வழங்கக் காணேன். மைல் கற்கள் மறைந்து கிலோமீட்டர் கற்கள் வந்து அறுபது ஆண்டுகள் கடந்தும் 'மைலேஜ்' என்ற சொல் மட்டும் அசையவில்லை. ஆதலால் நானும் அதனையே வழங்குகிறேன்.

மைலேஜ் குறைந்தது என்று வருந்துமுன், மெய்யாகவே குறைந்ததா என்று அறிதல் வேண்டும். பொன்முடிப் பயணத்தைக் கொண்டு அதனை அறிய முயல்வது, மாடியேறி வந்தவனின் நாடியைப் பிடித்து நோயைக் கணிப்பதற்கு ஒப்பாகும். திருவனந்தபுரமோ கடற்கரை நகர்; பொன்முடியோ கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. நெடுமங்காடு, விதுரா கடந்து கல்லாற்றை அடைந்த பின்னர் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடு 2,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ இரண்டு கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் மூன்றரைக் கோடி ஜூலுக்குச் சற்று மிகுதியாக உண்டெனினும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே சக்கரத்தை அடைகிறது. ஆகவே சாலையில் ஓடுவதற்கான செலவு நீங்க, உயரத்துக்காக மட்டும் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகிறது. இறங்கும்போது அதனைத் திரும்பப் பெறலாமே எனில், அதில் பெரும்பகுதி வளைவுக்கு வளைவு பிரேக்கில் வெப்பமாகப் போய்விடுகிறது.

சரியான அளவை எளியது. ஒரே பம்பில், முதல் முறை தானே நின்றவுடன் நிறுத்தி, தொட்டியை நிரப்புக. வழக்கமான சமதளச் சாலையில் ஓட்டி, மீண்டும் அவ்வாறே நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்திடுக. இவ்வாறு மூன்று முறை செய்தால்தான் கணக்கு நிலைபெறும். முகப்புத் திரை காட்டும் எண் ஒரு மதிப்பீடே. அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியவர்கள் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். சக்கரம் பெரிதானால் ஓடிய தூரத்தை மானி குறைத்தே காட்டும். பாதி நோய் மானியிலேயே இருக்கும்.

பெட்ரோல் வண்டியாயின் இன்னொரு கழிவு உண்டு. நம் நாட்டில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலில் லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே கலப்பில்லாத பெட்ரோலில் 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11.2 கொடுத்தால், எஞ்சினைப் பிரிக்கப் புறப்பட வேண்டியதில்லை. ஒன்பதாக இறங்கினால் ஆராயத்தான் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் டீசல் வண்டி 13-லிருந்து பத்துக்கு இறங்கியது. இன்ஜெக்டர் நான்கையும் மாற்ற வேண்டுமென்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் செலவு. அவ்வீட்டுப் பெரியவர், பழைய லாரி ஓட்டுநர், சமதளத்தில் பத்துக் கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டச் சொன்னார். வண்டி நின்றதும் ஒவ்வொரு சக்கரத்தருகிலும் புறங்கையைத் தொடாமல் நீட்டிப் பார்த்தார். முன்புற இடச்சக்கரம் மட்டும் அனலாகச் சுட்டது. பிரேக் காலிப்பரின் நகரும் ஊசிகள் காய்ந்து இறுகியிருந்தன; காலை எடுத்த பின்னும் அச்சக்கரத்தைப் பிரேக் கவ்விக்கொண்டே இருந்தது. ஊசிகளைச் சுத்தம் செய்து, உரிய கிரீஸ் இட்டு, பிரேக் கட்டைகளை மாற்றியதோடு வேலை முடிந்தது.

இங்கே எண்ணெய்ச் செலவு சிறிய செய்தி. அந்தச் சக்கரத்தோடு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பொன்முடியிலிருந்து இறங்கியிருந்தால், ஏற்கெனவே சூடேறிய பிரேக் மேலும் காய்ந்து, அதன் எண்ணெய் கொதித்து, ஏதோ ஒரு வளைவில் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்திருக்கும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். மழை மிகுந்த இந்நாட்டில் அதனை இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுவதை ஆடம்பரமாகக் கருதலாகாது.

இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளினால் எண்ணெய் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. இக்கால எஞ்சினில் கியர் பூட்டியிருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எண்ணெய் வரத்து அறவே நின்றுவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாதிருக்க எண்ணெய் ஊற்றியாக வேண்டும். வேகத்தை அடக்கும் பாரமும் பிரேக்கின் தலையிலேயே விழும். தாழ்ந்த கியரில் இறங்குவது உயிருக்கும் பணத்துக்கும் ஒருங்கே நன்று.

மற்றவற்றைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் அளக்க வேண்டும். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அட்டவணையில் முழுப் பாரத்துக்கெனத் தனி அளவு இருக்கும். ஏழு பேர் ஏறும் நாளில் அதுவே அளவு. கூரைமேல் வெறுமனே கிடக்கும் கேரியரைக் கழற்றிவிடலாம். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நெடுநேரம் ஓடியும் நடுவுக்கு வராவிட்டால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டதென்று ஐயுறலாம். குளிர்ந்த எஞ்சின் எப்போதும் அதிகம் குடிக்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அக்கரி எரிந்து தீராமல் சேர, அதனை எரிக்கவே கூடுதலாக டீசல் செலவாகும். வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டுவது அதற்கு உதவும்.

இவ்வளவும் பார்த்த பின்னும் குறை நீடித்தால், பட்டறையில் கணினியை இணைத்துப் பிழைக்குறிகளைப் படிக்கச் சொல்லுங்கள். எதை மாற்றுவதானாலும் ஒன்றை மாற்றி, மீண்டும் மூன்று முறை தொட்டியை நிரப்பி அளந்த பின்னரே மற்றொன்றில் கைவைக்கச் சொல்லுங்கள்.